மில்ஸ்டோன் இறக்கத்தில் பொம்மைக்குப் பதிலாக ஆளை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
எல்டன் ப்ரூயிட்,
உரிமையாளர், ப்ரூயிட் ரேடியோ மற்றும் வண்டிச் சாமான் கடை,
மில்ஸ்டோன் இறக்கம், டக்கர்ஸ் ஃபோர்டு,
லேஸ்வெல் கவுண்டி, கென்டக்கி.

பெறுநர்:
ஷெரீஃப் உயர்திரு மெர்ல் வாம்ஸ்லி அவர்கள்,
ஷெரீஃப் அலுவலகம்,
லேஸ்வெல் கவுண்டி.

பொருள்: மில்ஸ்டோன் இறக்கத்தின் அடியில் நிறுத்தப்பட்டுள்ள ஆளில்லாத ரோந்து வண்டியையும் அதற்குள் இருக்கும் துணிக்கடைப் பொம்மையையும் அகற்றி, துணை ஷெரீஃப் டாரில் ஹேட்லியையும் அவருடைய பழைய ரேடார் துப்பாக்கியையும் அதே இடத்தில் மீண்டும் அமர்த்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் தங்கள் அலுவலக முகப்பில் நான் நேரில் சொன்ன புகாரும், அதற்குக் கிடைத்த சிரிப்பும்.

மதிப்பிற்குரிய ஷெரீஃப் அவர்களுக்கு,

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் அதைத் தோண்டி எடுத்ததுபோல் தூக்கிக் காட்ட வேண்டாம். சி.பி. ரேடியோ, ஏரியல், வண்டி விளக்கு இவற்றுடன் ரேடார் டிடெக்டரும் விற்கிறேன். முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் உள்ளங்கை அளவுப் பெட்டி அது. தங்கள் ஆட்கள் வேகத்தை அளக்க ரேடார் துப்பாக்கியை இயக்கினால், தொலைவிலேயே அந்த அலையை மோப்பம் பிடித்துக் கத்தும். ஓட்டுபவர் மிதிப்பதைக் குறைத்துக்கொள்வார். அபராதச் சீட்டிலிருந்து தப்புவார். நம் மாநிலத்தில் சொந்தக் கார்களில் இதை வைத்துக்கொள்ளத் தடை இல்லை. லாரிக்காரர்களுக்குத் தடை உண்டு. அவர்கள் கேட்டால் நான் கொடுப்பதில்லை. இந்தத் தொழிலுக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

இப்படிப்பட்ட ஒருவன் காவலரைத் திரும்ப நிறுத்தச் சொல்வது தங்கள் அலுவலகத்தில் வேடிக்கையாகப் போய்விட்டது. முகப்பில் இருக்கும் திருமதி ஐவா கோம்ப்ஸ் என்னைப் பேச்சை முடிக்கவே விடவில்லை. "என்ன எல்டன், கடையில ஈ ஓட்டுறீங்களா? ஹேட்லி உக்காந்தாத்தானே உங்க பெட்டி போணியாகும்!" என்றார். பின்னால் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். விற்பனை குறைந்தது உண்மை. ஹேட்லி திரும்பி வந்தால் அது கூடும் என்பதும் உண்மை. நான் வந்தது அதற்காக இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கையில் ஒரு டோனட்டைக் கொடுத்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். எனவே இம்முறை எழுதுகிறேன். எழுத்தை யாரும் இடைமறிக்க முடியாது.

துணை ஷெரீஃப் ஹேட்லி பல ஆண்டுகள் என் கடைக்கு எதிரே, திருச்சபைக் கட்டடத்தின் சரளைத் திடலில்தான் வண்டியை நிறுத்தியிருந்தார். அவருடைய துப்பாக்கி முந்தைய ஷெரீஃபுக்கும் முந்தைய காலத்தது. வண்டி வந்த பிறகு சட்டென்று இயக்கிப் பிடிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. காலையில் போட்டால் மாலையில்தான் அணைப்பார். அதனால் என் கடைக் கண்ணாடியில் காட்சிக்கு வைத்திருக்கும் டிடெக்டர் நாள் முழுவதும் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் கணக்குப் பார்க்க முடியாமல் நான் அவரைத் திட்டாத நாள் இல்லை. அவரோ உள்ளே வந்து என் காபியையே குடித்துக்கொண்டு, "என்னைய வெச்சுத்தான் உனக்குப் பொழப்பே ஓடுது, கமிஷன எடுய்யா" என்பார். இறக்கத்தின் உச்சியில் எல்லா வண்டிகளிலும் என் கருவிகள் கத்தும். ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் வருகிறவர் முப்பத்தைந்துக்கு இறங்குவார். ஹேட்லி சீட்டு எழுதியது மிகக் குறைவு. அவர் ஒரு காவலராக அல்ல, ஒரு சத்தமாகவே அங்கே இருந்தார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

தேர்தலின்போது "ஒளிஞ்சு நின்னு புடிக்கிற வேலை இனிமே நம்ம கவுண்டியில கெடையாது" என்று தாங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். ஜனவரியில் பதவியேற்றதும் அதைக் காப்பாற்றினீர்கள். ஹேட்லி ஏரிப்பக்கம் படகுகளைப் பார்த்துக்கொள்ளப் போனார். அவர் இடத்தில் ஓடாத ஒரு ரோந்து வண்டியும், மூடிப்போன துணிக்கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு பொம்மையும் வந்தன. ஊரார் அதற்கு கிளாரன்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் வெயிலிலும் அது குளிர்காலச் சட்டையைக் கழற்றவில்லை. யாரோ அதன் மடியில் மீன்பிடிக்கும் உரிமச் சீட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வருகிறவர்கள் "என்ன கிளாரன்ஸ் தம்பி, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

வேறு ஊரில் அந்தப் பொம்மை பலன் தரலாம். கண்ணால் மட்டும் பார்த்து ஓட்டுகிறவர் ரோந்து வண்டியைக் கண்டால் பயப்படுவார். இந்த ஊரில் ஏறக்குறைய எல்லார் வண்டியிலும் என் கடைக் கருவி இருக்கிறது. அவர்கள் கண்ணை நம்புவதில்லை, பெட்டியை நம்புகிறார்கள். அப்படி நம்பச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். வாங்க வருகிறவரிடம் நான் சொல்வது இது: மலைப்பாதைக்கு எட்டும் தூரம் அதிகமுள்ளதை வாங்குங்கள், லேசர் துப்பாக்கிக்கு எந்தப் பெட்டியும் உதவாது, அது கத்தும்போது உங்கள் வேகம் ஏற்கெனவே அவர் கையில் இருக்கும், எண்பலகையை மறைக்கும் கண்ணாடி வாங்காதீர்கள், அதற்கே தனிச் சீட்டு கிடைக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, வீணாகக் கத்தாத பெட்டியைப் பாருங்கள். கத்தினால் போலீஸ், கத்தாவிட்டால் யாரும் இல்லை என்று இருக்க வேண்டும். பொம்மை வந்த முதல் வாரம் எல்லாரும் வேகத்தைக் குறைத்தார்கள். பெட்டி கத்தவில்லை. அடுத்த வாரம் ஒருவரும் குறைக்கவில்லை.

என் மனைவி லோரீன் ப்ரூயிட் இந்த இறக்கத்தின் கிராமப்புற அஞ்சல் ஊழியர். சொந்தக் காரில்தான் தபால் கொண்டுபோகிறார். ஸ்டீயரிங் இடப்பக்கம், தபால் பெட்டிகளோ சாலையின் வலது ஓரம் என்பதால் வலது இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை நீட்டி மிதிகளை இயக்கி, இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, வலது கையால் தபால் போடுவார். வண்டியின் பாதி சாலையில் இருக்கும். வளைவு திரும்பியதும் நான்கு தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே அவர் வண்டி ஊர்ந்துதான் போகும். மேலேயிருந்து வருகிறவருக்குத் திரும்பிய பிறகே அது கண்ணில் படும்.

பிப்ரவரியில் நானே ஒரு வழி செய்து பார்த்தேன். பல்பொருள் கடைகளின் தானியங்கிக் கதவுக்கு மேலே ஆள் வருவதை உணரும் சாதனம் ஒன்று இருக்கும், அதுவும் ரேடார்தான். பழைய சாமானில் ஒன்றை எடுத்து என் கடைக் கூரையில் சாலையைப் பார்த்து மாட்டினேன். இது சட்டப்படி சரியா என்பதைத் தாங்கள் விசாரித்துக்கொள்ளலாம், இப்போது கழற்றிவிட்டேன். சில நாட்கள் எல்லா வண்டியிலும் பெட்டி கத்தியது. எல்லாரும் ஹேட்லி திரும்பி வந்துவிட்டதாக நினைத்து மெல்லப் போனார்கள். அந்தச் சில நாட்கள் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். பிறகு ஒவ்வொரு வண்டியாக வேகம் பிடித்தது. புதிய ரகக் கருவிகள் ஒரே இடத்தில் ஒரே அலை திரும்பத் திரும்ப வந்தால் அது கதவுதான், போலீஸ் அல்ல என்று தானே கற்றுக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். வீணாகக் கத்தாத ரகம். ஊருக்கெல்லாம் நான் பார்த்துப் பார்த்துப் பரிந்துரைத்தது அதைத்தான்.

இதற்குப் பிறகுதான் தங்கள் அலுவலகத்துக்கு வந்து டோனட்டுடன் திரும்பினேன்.

சென்ற வியாழக்கிழமை முற்பகலில் நடந்ததைத் தங்கள் அலுவலகம் "பக்கக் கண்ணாடி, பின்கதவு சேதம்" என்று பதிவு செய்திருக்கிறது. நடந்தது இது. வசந்தகாலம் என்பதால் தபாலில் கோழிக்குஞ்சுகள் வந்துகொண்டிருக்கின்றன. வளைவை அடுத்த வீட்டுக்குக் குஞ்சுப் பெட்டி ஒன்று இருந்தது. அதைத் தபால் பெட்டிக்குள் திணிக்க முடியாது. லோரீன் இறங்கி, சாலைப்பக்கமாக வந்து, இடது பின்கதவைத் திறந்து குஞ்சுகளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலை நோக்கி நடந்தார். கதவை இடுப்பால் தள்ளிவிட்டு வந்தாராம், அது மூடாமல் மறுபடி சாலைப்பக்கம் திறந்துகொண்டது. வாசலை அடையும் முன்பே ஒரு பிக்கப் வண்டி வளைவில் வந்து அந்தக் கதவையும் கண்ணாடியையும் பிய்த்துக்கொண்டு போனது. அவர் நின்றிருந்த இடம் அது. கடையிலிருந்து நான் ஓடிப் போனபோது லோரீன் குஞ்சுப் பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். "குஞ்சுங்க கத்துற சத்தந்தான்யா கேட்டுச்சு, வண்டி வந்தது கேக்கவே இல்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிக்கப்பை ஓட்டி வந்தவர் மர மில்லில் வேலை பார்க்கும் கோல்பி ரட்லஜ். ஓடிவிடவில்லை, கீழே நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தார். அவர் குடித்திருக்கவில்லை, போன் பார்க்கவில்லை. அவர் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது கிறிஸ்துமஸுக்கு முன் நான் விற்ற பெட்டி. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எல்டன் அண்ணே, மெஷின் ஒண்ணுமே சொல்லலையே. யாரும் இல்லன்னு நெனச்சுட்டேன்." அவரைத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பிறகு குனிந்து சாலையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன். அவர் மீது வழக்கு எதுவும் வேண்டாம் என்று லோரீன் எழுதிக் கொடுத்துவிட்டாள். எனக்கும் வேண்டாம்.

வேலையை விடச் சொன்னேன். "நீ உன் கடைய மூடு, நான் என் தபால் பைய கீழ வெக்கிறேன்" என்றாள். இது எங்கள் வீட்டு வழக்கு, தங்களுக்கு வேண்டாம். சனிக்கிழமை மறுபடியும் அதே சாலையில் போனாள். பிய்ந்த பின்கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறோம்.

ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது: கிளாரன்ஸை எடுத்துவிட்டு ஹேட்லியை அனுப்புங்கள். அவரிடம் புதிய லேசர் துப்பாக்கி எதையும் கொடுக்க வேண்டாம். என் பெட்டிகளை ஏமாற்றிப் பிடிக்கும் வழி எல்லாம் எனக்குத் தெரியும், அவற்றையும் நான் கேட்கவில்லை. யாரையும் பிடிக்க வேண்டாம், ஒரு சீட்டும் எழுத வேண்டாம். தாங்கள் கொடுத்த வாக்கும் இதனால் கெடாது. அவர் ஒளிந்து நிற்க வேண்டியதில்லை, ஊரறிய நடுத்திடலில் நிற்கட்டும். அந்தப் பழைய துப்பாக்கியைக் காலையில் போட்டு மாலையில் அணைத்தால் போதும். கதவுச் சாதனத்தைக் கருவிகள் கற்றுக்கொண்டதுபோல் அதைக் கற்றுக்கொள்ள முடியாது. அதன் அலை வேறு, கதவுகளுக்கு உரியதல்ல. இதை விற்றவன் என்ற முறையில் உறுதி கூறுகிறேன். இதனால் என் விற்பனை கூடுமானால் கூடட்டும். திருமதி கோம்ப்ஸ் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும்.

லோரீன் முற்பகலில் அந்த வளைவுக்கு வருவாள். அந்த நேரத்தில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஏரியல்களை எடுத்து அடுக்குகிறேன், கலைத்து மறுபடி அடுக்குகிறேன், வாசலுக்குப் போகிறேன், வருகிறேன். காட்சிக்கு வைத்த டிடெக்டரை இரவிலும் அணைப்பதில்லை. மின்சாரம் போய்விட்டதோ என்று அடிக்கடி அதன் விளக்கைப் பார்க்கிறேன். விளக்கு எரிகிறது. சத்தம்தான் இல்லை.

இம்மனுவுக்குத் தாங்கள் எழுத்தில் பதில் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் அதையும் அவள்தான் அந்த வளைவில் வண்டியை நிறுத்திக் கொண்டுவர வேண்டும். ஹேட்லி வந்து துப்பாக்கியை இயக்கட்டும், எனக்கு இங்கேயே கேட்கும்.

இப்படிக்கு,
காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்,

(ஒப்பம்) எல்டன் ப்ரூயிட்

இடம்: டக்கர்ஸ் ஃபோர்டு
நாள்: ஏப்ரல் 22, 2019