கண்ணாடி வரும்வரை

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

குழாய் வெல்டிங் பரீட்சை போன வாரம் முடிந்தது. பதறாதே, மூன்றாம் தடவையும் கோட்டை விட்டுவிட்டேன். நான் ஒட்டிய குழாயிலிருந்து ஒரு பட்டையை அறுத்து வளைத்தார்கள். ஒட்டிய இடத்திலேயே விரிசல் விட்டது. ஃபோர்மேன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையில குறை இல்லய்யா, கண்ணுலதான். இன்னும் எத்தனை நாளைக்கு மறைப்ப?" என்றார்.

கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்று வேலையிலிருந்து கழற்றிவிடுவார்களோ என்று இரண்டு வருடமாகச் சமாளித்தேன். மடத்தனம். இப்போது அளவு கொடுத்தாயிற்று, பத்து நாளில் வரும். அந்தப் பரீட்சையில் தேறிய சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பி நம் பட்டறையைத் திறக்க மாட்டேன்.

ஒரு சின்ன வேலை. இனிமேல் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது. போன கடிதத்தின் அடியில் இடமில்லாமல் இரண்டு வரி நுணுக்கி எழுதியிருக்கிறாய். அறையில் இருப்பவரிடம் கொடுத்தால் வாசித்துச் சொல்வார். கொடுக்க மனம் வரவில்லை. சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்து நிற்கிறது. கண்ணாடி வந்ததும் முதலில் அந்த இரண்டு வரியைத்தான் படிப்பேன்.

உன் வீட்டுக்காரன்