கல்லில் விட்ட இடம்

ஏங்க,

ஆயுசுக்கும் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்பதற்காக 'அன்புள்ள கணவருக்கு' என்று ஆரம்பித்தால் நீங்களே சிரிப்பீர்கள்.

ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். உங்கள் சைப்ரஸ் கல் ஜெயித்துவிட்டது. இறையியல் செமினரியில் எபிரேயம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, விஜயநகர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எபிரேயத்துக்கு நெருங்கிய சொந்தமான பினீசிய மொழிக் கல்வெட்டு ஒன்றின் படத்தை விரித்துக்கொண்டு உட்காருவீர்களே, அதேதான். அலெக்சாண்டருக்குப் பிந்திய காலத்துக் கல். மேலே ஒரு பெண்ணின் பெயர், கல்லை நிறுத்திய ஆணின் பெயர்; கீழ்ப்பாதி வெறுமை. கோயில் காணிக்கை, வேலை பாதியில் நின்றுவிட்டது என்று பெரிய ஆட்கள் எழுதிவைத்திருந்தார்கள். நீங்கள்தான் கல்லறைக் கல் என்றீர்கள். மனைவிக்கு நட்டுவிட்டு, தனக்கும் இடம் விட்டிருக்கிறான் என்றீர்கள்.

நம் கல்லறைத் தோட்டத்து ஜோடிக் கல்லறைகளைப் பார்த்துப் பழகிய கண், அதான் அப்படித் தோன்றுகிறது என்று கேலி செய்தேன். ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்களும் ஏறக்குறைய அதையே சொல்லி உங்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள்.

போன வாரம் கல் இருக்கும் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் உங்களுக்கு மெயில் போட்டிருந்தாள். பக்கவாட்டில் விளக்கு வைத்துப் பார்த்தார்களாம். வெறும் இடத்தில், வரி கோணாமல் இருக்க இழுக்கும் கோடுகள் மெலிதாகத் தெரிகின்றன. மேல் வாசகம் முழுதாக முடிந்து, இடம் விட்டு, இன்னொரு பெயருக்கென்று தனியாக இழுத்த கோடுகள்; எழுத்துதான் வெட்டவில்லை. நீங்கள் சொன்னதே சரி என்கிறாள்.

வாசித்த வேகத்தில் "ஏங்க" என்று உள்ளறையைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டேன். பிறகு அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

கல்லை நட்ட அந்த மனுஷன் எங்கே போனான்? கப்பலேறிப் போன ஊரிலேயே செத்தானா? பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களா? கல்லில் இருப்பதை மட்டும்தான் சொல்ல முடியும் என்பீர்கள்.

நம் மகன் என்னை மெல்போர்னுக்கே வந்துவிடச் சொல்கிறான். உங்கள் கல்லறைக் கல்லில், எனக்கென்று விட்டிருக்கும் கீழ்ப்பாதியில் பெரிய வேத வசனமாகப் போட்டு நிரப்பிவிடலாம் என்கிறான். "நீ இங்க இருக்கப் போற. அப்புறம் அந்த எடம் எதுக்கும்மா?" பாசத்தில்தான் கேட்டான்.

நேற்று கல் வெட்டுகிறவரிடம் போனேன். "இவ்ளோ ஜாகா சும்மா விடறீங்களா அம்மா?" என்றார். சும்மா வேண்டாம், கோடு மட்டும் இழுத்து வையுங்கள் என்றேன். பென்சிலை எடுத்தார். அது மழையில் போய்விடும், உளியாலேயே இழுங்கள் என்றேன்.

மகனிடம் போவேன், பேரப்பிள்ளைகளோடு கொஞ்ச நாள் இருப்பேன். ஆனால் திரும்பி வந்துவிடுவேன். அந்தச் சைப்ரஸ்காரி காத்துக்கிடந்ததுபோல உங்களைக் காக்க வைக்க மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி,
ரெஜினா