வயலின் விழாவில் நம் மிட்டாய்

கிரெமோனா
நவம்பர் 18

அன்புள்ள மகன் ஒத்தாவியோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, கடையும் ஓடுகிறது, நீயும் மெல்போர்னில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தங்கை மறுபடி கார் ஓட்டப் பழகுகிறாள், பக்கத்து வீட்டுச் சுவர் மறுபடி இடிந்திருக்கிறது.

பெரிய செய்தி, போர்கெத்தி இசைக்கருவி அருங்காட்சியக விழா. அங்குள்ள விற்பனை அலமாரியில் போட்டிக் கடைக்காரன் பொனால்தியின் மெத்தென்ற மிட்டாயைத் தள்ளிவிட்டு, கல் மாதிரி கெட்டியான நம் பாதாம் மிட்டாய் தொர்ரோனேயை வைக்க நான் வருடக்கணக்காக அலைவது உனக்குத் தெரியும். விழாவில் விருந்தினருக்குப் பிடித்தால் அலமாரி நமக்கு என்று இயக்குநர் மால்வெத்ஸி சொல்லியிருந்தார். இடைவேளையில் கொடுக்கச் சொன்னார்தான், ஆனால் இடைவேளையில் எல்லோரும் ஒயினைப் பார்த்து ஓடுவார்களே, மிட்டாயை யார் சீந்துவார்கள்? வாசலிலேயே நின்று ஆளுக்கொரு துண்டு நீட்டினேன். நீட்டிய தொர்ரோனேயை வாயில் போடாமல் பையில் போடுவது நம் ஊரில் எவ்வளவு பெரிய அவமரியாதை! மேயர் முதல் வயலின் வாசிக்கிற பெண்வரை எல்லோரும் போட்டுக்கொண்டார்கள்.

உட்கார்ந்த பிறகுதான் மால்வெத்ஸி மேடையேறி, கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்த முந்நூறு வருட வயலினை ஒலிப்பதிவு செய்யப்போகிறோம், சிவப்பு விளக்கு அணையும்வரை மூச்சுச் சத்தமும் கூடாது என்றார். தெருவில் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள், ரீங்கரிக்கிறது என்று ஒரு பல்பைக்கூடக் கழற்றினார்கள். கடித்தால் சத்தம், துப்பினால் எனக்கு அவமரியாதை, நம் பாதாம் மிட்டாய் அவ்வளவு சுலபத்தில் கரையுமா? மண்டபமே பல்வலிக்காரர் சங்கம் போல ஒரு கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் வயலின் வைக்கிற பக்கத்திலிருந்து மிட்டாயை நாக்கால் மறுபக்கம் தள்ளிவிட்டு வாசித்தாள். மேயருக்குக் கண்ணீர் வழிந்தது, இசையில் உருகிவிட்டார் என்று அவர் மனைவி பெருமையோடு கைக்குட்டை கொடுத்தாள். பாதாம் அவருடைய சொத்தைப் பல்லில் இறங்கியது பக்கத்திலிருந்த எனக்குத்தான் தெரியும்.

வாசிப்பு முடிந்து விளக்கு அணைந்ததுதான் தாமதம், கைதட்டுவதற்கு முன்னால் மொத்த மண்டபமும் ஒரே நேரத்தில் கடித்தது பார், கூரையில் ஆலங்கட்டி மழை! ஒலிப்பதிவுக்காரன் காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி எறிந்து, ஐயோ வயலின் உடைஞ்சுபோச்சு என்று அலறினான். மால்வெத்ஸி பாய்ந்து ஓடி, படியில் இடறி, மேயர் மடியிலேயே விழுந்தார். விழுந்த வேகத்தில் மேயரின் சொத்தைப் பல் வெளியே வந்துவிட்டது. அப்பாடா, மாசக்கணக்கா படுத்தின சனியன்யா இது என்று மேயர் அவரைக் கட்டிக்கொண்டார்.

மேயர் குளிர்ந்துபோனதால்தான் நான் தப்பித்தேன். மால்வெத்ஸி மூச்சு வாங்க வந்து, தெல்ஃபீனாம்மா, ருசியில குறை சொல்லமாட்டேன், ஆனா உங்க மிட்டாய் வயலினையே அமுக்கிடுது, சத்தம் போடாத மாதிரி ஒண்ணு செஞ்சு கொண்டாங்க, அலமாரி உங்களுக்குத்தான் என்றார். பின்னால் நின்ற பொனால்தி, அந்தப் பக்குவம் உங்க பையனோடயே விமானம் ஏறிடுச்சே அக்கா என்று இளித்தான்.

மெத்தென்றும் செய்யலாம் என்று நீ சொல்லப்போய்த்தான் நமக்குள் சண்டை வந்தது, நீயும் கிளம்பிப்போனாய். மெத்தென்ற மிட்டாய் மிட்டாயே இல்லை என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி. ஆனால் அலமாரி அலமாரிதான். நீ மிட்டாய் கிண்டுகிற செம்புக் கொப்பரையை நான் விற்கவில்லை, துலக்கி வைத்திருக்கிறேன். தேனும் வாங்கியாயிற்று. தேன் காத்திருக்கும், பொனால்தி காத்திருக்கமாட்டான்.

மாதா உன்னைக் காக்கட்டும். கம்பளிச் சட்டையை மறக்காமல் எடுத்து வா, இங்கே பனி இறங்கிவிட்டது.

இப்படிக்கு,
இன்னும் எல்லாப் பல்லும் சொந்தமாக உள்ள உன் அம்மா,
தெல்ஃபீனா