ராம்ப்பில் ரெண்டு செகண்டு

3, சனி

காலையிலேயே புழுக்கம். கடல் காத்து பத்து மணிக்கு மேல்தான். துறைமுக யார்டில் கப்பலுக்குக் காத்திருக்கும் வெள்ளை கார் வரிசை முழுக்க கரித்தூசி, துடைக்க ஆள் வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பாண்டியன் சார் (சூப்பர்வைசர்) கூப்பிட்டார். வியாழக்கிழமை கப்பல். "ஏம்மா ஜெசிந்தா, ராம்ப்ல ஏத்திப் பாக்குறியா?"

சோத்து டப்பாவை மூட மறந்து அப்படியே நின்றேன்.

ரெண்டு வருஷமா புது காரை இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்கு மாற்றுவதுதான் என் வேலை. சமதரை. கப்பலின் இரும்பு ராம்ப்பில் ஓட்டி உள்ளே கொண்டுபோய் நிறுத்துவது தனி கூட்டம், பதினெட்டு பேர், எல்லாரும் ஆம்பிளைங்க. மாசத்துக்கு ஒரு தடவையாவது அவரிடம் கேட்டிருப்பேன்.

அவர் சொன்னது, அப்படியே: "மூணு ரவுண்டு பார்ப்பேன். ராம்ப் நடுவுல கொடி காட்டி நிறுத்துவோம். திரும்பக் கிளம்பும்போது வண்டி பின்னாடி ஒரு சாண் உருண்டாலும் யார்டுக்குப் போயிடணும். அப்புறம் ராம்ப்னு வாயே திறக்கக் கூடாது."

ஏன் இவ்வளவு ஆசை என்று எழுத உட்கார்ந்தேன். பெரிய காரணம் ஒன்றும் வரவில்லை. அந்தக் கப்பல் பின்பக்கம் வாயைத் திறந்துகொண்டு நிற்பதை வெளியிலிருந்தே பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. உள்ளே போகணும்.

4, ஞாயிறு

முதல் பூசை. பிரசங்கம் ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை, கால் தரையில் கிளட்ச் மிதித்துக்கொண்டே இருந்தது.

பூசை முடிந்ததும் எல்.-ஐ (வூட்டுக்காரர், லாரன்ஸ்) இழுத்துக்கொண்டு ராயபுரம் பாலம். அவருடைய டாக்சி. பழைய டீசல் வண்டி, மேட்டில் நிறுத்தினால் பிடித்து வைக்க அதில் எந்த வசதியும் கிடையாது. கால், கை, ஹேண்ட் பிரேக், அவ்வளவுதான். பின் டயருக்கு ஒட்டினாற்போல் தீப்பெட்டி வைத்தார். நசுங்கக் கூடாது.

முதல் பெட்டி நசுங்கியது. ரெண்டாவதும். மூணாவது தடவை வண்டி ஆஃப். பின்னாடி மாநகரப் பேருந்து. கண்டக்டர் தலையை நீட்டி, "யக்கா, ஏத்துறியா எறக்குறியா, ஒரு முடிவுக்கு வாக்கா."

எல். பாலத்து ஓரம் நின்று சிரிக்கிறார். "கிளட்ச்சு கடிக்கிற எடத்துல பானெட்டு லேசா தூக்கும்மே. அதுவரைக்கும் ஹேண்ட் பிரேக்க வுடாத."

"தூக்குறது எனக்குத் தெரியலயே."

"கண்ணால பாக்காத. சீட்டுல தெரியும்."

தெரிந்தது. ஏழாவது தடவை. வண்டி முன்னாடி துடிக்குது, பின்னாடி ஹேண்ட் பிரேக் பிடித்து வைக்குது, நடுவில் நான். கையை விட்டேன். தீப்பெட்டி முழுசா இருந்தது. அதே பெட்டியை வைத்து இன்னும் அஞ்சு தடவை. எனக்கு விசில் அடிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் பாலத்தில் அடித்திருப்பேன்.

மத்தியானம் சங்கரா மீன். உப்பு ரெண்டு தடவை போட்டுவிட்டேன், அவர் சோற்றைக் கூடப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

5, திங்கள்

வேலை முடிந்து வண்ணாரப்பேட்டை. அடி மெல்லிசான கான்வாஸ் ஷூ வேண்டும், கிளட்ச் பாதத்தில் தெரிய. கடைக்காரர் தடிமனாகவே எடுத்துப் போடுகிறார். "நட்க்கிறதுக்குத்தான?" "இல்ல, மிதிக்கிறதுக்கு." ஏற இறங்கப் பார்த்தார்.

வியாழனுக்கு:
- வளையல், வாட்ச், பெல்ட் கூடாது. சீட்டில், பெயின்ட்டில் கீறல் விழும்.
- மோதிரம் கழலவே மாட்டேன் என்கிறது. மேலே டேப் சுற்றணும்.
- ஓவர்கோட், பட்டன் இல்லாதது.
- முட்டிக்குத் தைலம்.

6, செவ்வாய்

இன்றைக்கு ஒன்று கண்டுபிடித்தேன். கை இன்னும் பரபரக்குது.

வியாழன் கப்பலில் ஏறப்போவது புது மாடல். தென் அமெரிக்கா போகிற வண்டி, ஸ்டியரிங் இடப்பக்கம். யார்டில் கார் கழுவும் மேடைக்கு ஏறும் சரிவில் ஒன்றை நிறுத்தி, வழக்கம்போல ஹேண்ட் பிரேக் போடுவதற்கு முன் தெரியாமல் காலை எடுத்துவிட்டேன். வண்டி உருளவில்லை. அப்படியே நின்றது. அப்புறம் திடீரென்று விட்டது. பக்கென்றது எனக்கு.

சீட்டில் வண்டியின் கையேடு பிரித்துக் கிடந்தது. முழுக்க ஸ்பானிஷ். ஒரு எழுத்து புரியவில்லை. ஆனால் ஒரு படம்: சரிவில் ஒரு கார், கீழே 2 என்று எண். அது போதும். மேடையில் யாரும் இல்லாதபோது திரும்பத் திரும்ப ஏற்றி நிறுத்திப் பார்த்தேன்.

ஒன்று. முதல் கியர், மேட்டைப் பார்த்து நின்றால், பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் வண்டியே பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரெண்டு செகண்டு. அதற்குள் கிளட்ச் விட்டு ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் கிளம்பிவிடணும்.

ரெண்டு. கிளம்பாவிட்டால் விட்டுவிடும். மணி அடிக்காது, விளக்கு எரியாது.

மூணு. கால் எடுத்ததுமே பின்னாடி சிவப்பு விளக்கு அணைந்துவிடுகிறது. கழுவும் முனியம்மாவை நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னேன். "அணைஞ்சிடுச்சிமா, ஆனா வண்டி நிக்குது. பேய் கீய் பூந்துகீதா?"

நாலு. ரிவர்ஸ் கியர் போட்டால் பிடிக்காது. உடனே இறங்கும். பின்னாடி போகத்தான் ஆசைப்படுகிறோம் என்று அதற்குத் தெரிகிறது. எவ்வளவு அறிவு.

ரெண்டு செகண்டை எண்ண "மாதாவே, மாதாவே". சரியாக இருக்கிறது.

எல்.-இடம் சொன்னேன். "அப்ப ஞாயித்துக்கெழம நான் நசுக்குன தீப்பெட்டிக்கெல்லாம் இன்னா பதிலு?" நசுக்கினது நான், அவர் வைத்ததோடு சரி. அதையும் சொன்னேன்.

7, புதன்

தூறல். எண்ணூர் பக்கம் ரோடு முழுக்க டிரெய்லர் வரிசை, ஷேர் ஆட்டோ ஊர்ந்து போய்ச் சேர நாற்பது நிமிஷம் லேட்.

டீ நேரத்தில் மஸ்தான் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ராம்ப் கூட்டத்தில் மூத்தவர், பன்னிரண்டு வருஷம். நாளைக்கு அவர் வண்டிக்குப் பின்னாடிதான் நான்.

"பயமா கீதா தங்கச்சி?"

"கீதுண்ணே."

"இன்னாத்துக்கு? இப்ப வர்ற வண்டிலாம் அதுவே புடிச்சிக்கும். நான் ஹேண்ட் பிரேக்க தொட்டே மாசக்கணக்காவுது."

ரெண்டு செகண்டுதான் பிடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். பன்னிரண்டு வருஷக்காரரிடம் நான் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

தூக்கம் வராது என்று தெரியும். ஷூவுக்கு லேஸ் மாட்டியாச்சு, ரெண்டு தடவை.

8, வியாழன்

எழுதித் தீர்க்கணும், இல்லையென்றால் நெஞ்சு வெடித்துவிடும்.

வெயில். ராம்ப் இரும்பு பளபளப்பு. ரெண்டு பக்கமும் தலை உயரத்துக்கு இரும்புச் சுவர், மேலே கப்பல் வாய் இருட்டு. பாண்டியன் சார் கீழே, ராம்ப் அடியில். கொடிக்காரர் மேலே, கப்பல் வாசலில். நடுவில் குறுக்கே மஞ்சக் கோடு, முதல் வண்டியின் முன் டயர் அதன் மேல் நிற்கணும். அடுத்த வண்டி நாலு முழம் விட்டு.

முதல் ரவுண்டு: நிறுத்தினார்கள், கிளம்பினேன், ஒரு விரல்கூட உருளவில்லை. கப்பலுக்குள் போனேன். உள்ளே தெருத் தெருவாக மாடி, பெயின்ட் வாசனை, எல்லாம் எதிரொலி. வாய்விட்டுச் சிரித்தேன், யாருக்கும் கேட்கவில்லை. எங்களைத் திரும்பக் கொண்டுவரும் வேனில் மஸ்தான் அண்ணன் கட்டைவிரல் காட்டினார்.

ரெண்டாவது: அதே. இன்னும் நன்றாக.

மூணாவது. மஸ்தான் அண்ணன் மஞ்சக் கோட்டில். நான் பின்னாடி. "வா" என்று கொடி. அவருடைய சிவப்பு விளக்கு அணைந்தது. உடனே "நில்" என்று கொடி, உள்ளே ஏதோ வண்டி குறுக்கே வந்திருக்கணும். கொடிக்காரர் உள்ளே திரும்பிவிட்டார். அண்ணன் கிளம்பவில்லை. விளக்கு திரும்ப எரியவும் இல்லை.

நான் என்னை அறியாமல் எண்ணிவிட்டேன். மாதாவே, மாதாவே.

அவர் வண்டி பின்னாடி வர ஆரம்பித்தது. மெதுவாகத்தான். ஹார்ன் அடிக்கலாம். அடித்து, அவர் திகைத்து, புரிந்து, மிதிப்பதற்குள் என் பானெட் போயிருக்கும். கண்ணாடியில் பின்னாடி பார்த்தேன். எனக்கு அடுத்த வண்டி இன்னும் ராம்ப்பில் ஏறவில்லை, கீழேயே நிற்கிறது. இடம் இருக்கிறது. ரிவர்ஸ் போட்டேன். கால் தளர்த்தினேன். பிடிக்காமல் உடனே இறங்கியது, செவ்வாய்க்கிழமை இறங்கினது போலவே. அவர் வரும் வேகத்துக்கு நானும் பின்னாடி, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு. இடைவெளி குறையுது, குறையுது, அப்புறம் குறையவில்லை.

விசில். கொடிக்காரர் திரும்பியிருக்கிறார். அண்ணன் விளக்கு எரிந்தது. ரெண்டு பேரும் நின்றோம். நடுவில் மூணு முழம்.

பாண்டியன் சார் கீழேயிருந்து ஓடி வந்தார். என் வண்டியின் பின்பக்கம்தான் அவருக்குத் தெரிந்திருக்கு.

"உருண்டுட்டியேம்மா. மூணாவது ரவுண்டுல போய் இப்படி."

"உருளல சார். ஓட்டினேன்."

"என்னது?"

"ரிவர்ஸ் போட்டு ஓட்டினேன். அண்ணன் வண்டி வந்துது சார்."

அவர் முன்னாடி போய் மஸ்தான் அண்ணன் கதவைத் தட்டினார். அண்ணன் சொன்னது எனக்குக் கேட்டது. "நான் நின்னுகினுதான் சார் கீறேன். அசையவே இல்ல." பொய் சொல்கிற குரல் இல்லை. அதுதான் எனக்குக் கலக்கம். போச்சு, ராம்ப் போச்சு.

கண்ணாடியை இறக்கிக் கத்தினேன். "அண்ணே, மஞ்சக் கோடு எங்க கீதுன்னு பாருங்கண்ணே."

அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். டயருக்கு அடியில் இருக்க வேண்டிய கோடு முன்னாடி, தள்ளி, வெயிலில். ரொம்ப நேரம் பார்த்தார். கொடிக்காரரும் பார்த்தார்.

"என் வண்டி சார்," என்றார் அண்ணன். "நான்தான் உருண்டுகீறேன். தங்கச்சி மேல தப்பு இல்ல."

பாண்டியன் சார் கோட்டிலிருந்து காலால் அளந்துகொண்டே வந்தார். பதினோரு அடி. என் பக்கம் வந்தார்.

"ராம்ப்ல ரிவர்ஸ் போடச் சொல்லி யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல சார். முன்னாடி எடமில்ல."

"வண்டிய மேல ஏத்து."

அவ்வளவுதான். தேறினேனா இல்லையா, ஒரு வார்த்தை இல்லை. ஏற்றினேன்.

வீட்டில் எல். நாலு தடவை முழுக்கதையும் கேட்டார். நாலாவது தடவை நானே கொஞ்சம் வேகம் கூட்டிச் சொன்னேன்.

9, வெள்ளி

மேகம், மழை இல்லை. எட்டு மணிக்கெல்லாம் அறிவிப்புப் பலகை முன்னாடி.

அச்சடித்த ராம்ப் பட்டியலில் பதினேழு பேர். கீழே பேனாவால் ஜெசிந்தா. திரும்ப ஒரு தடவை படித்தேன். அப்புறம் கழுவும் மேடைக்கு ஓடி முனியம்மாவைக் கட்டிப்பிடித்தேன், ரெண்டு பேரும் நனைந்தோம்.

அதன் பிறகுதான் உறைத்தது. பதினெட்டு பேராச்சே. போய்ப் பார்த்தேன். மஸ்தான் அண்ணன் பேர் யார்டு பட்டியலில், ஒரு மாசம்.

டீக்கடையில் இருந்தார். போகவா வேண்டாமா என்று நின்றேன். அவரே கூப்பிட்டார்.

"உன்னிய மாட்டி வுடணும்னு சொல்லல தங்கச்சி. மெய்யாலுமே தெரியல. ரெண்டு பக்கமும் சொவுரு. கண்ணாடில உன் வண்டியதான் பாத்துகினு இருந்தேன். நீ கிட்ட வரவே இல்ல, அதனால நான் நிக்கிறேன்னு நெனச்சிகினேன்."

அவர் வாங்கிக் கொடுத்த டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டேன்.

"புதன்கிழமையே சொல்லியிருக்கணும்ணே, ரெண்டு செகண்டுதான்னு."

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்." டீயைக் குடித்து முடித்தார். "இத்தினி வருசத்துல என் பின்னாடி வந்தவன் அல்லாரும் ஹார்னுதான் அட்ச்சிருக்கான். நீ எடம் குட்த்த."