கிராம்பு எண்ணெய் ஊத்தின ஜாடி

ஐப்பசி, வியாழக்கிழமை.

மழை விட்ட பாடில்ல. இன்னிக்கு ரெண்டு ஊறுகா ஜாடியையும் தொறந்து பாத்தோம். எப்பவும்போல வெறும் நல்லெண்ணெய் ஊத்தின ஜாடியில மேல வெள்ளையா பூசணம் பூத்துக் கெடந்தது. இன்னொண்ணுல நல்லெண்ணெயோட கொஞ்சம் கிராம்பு எண்ணெயும் விட்டிருந்தோம். அதுல ஒரு பொட்டு பூசணம் இல்ல.

நாத்தனா மல்லிகாவுக்குத் தலைகால் புரியல. "பாத்தீங்களா அண்ணி! பெண்ணாடத்துக் கடைக்காரரு கெடாம இருக்குறதுக்கு மருந்துப் பொடி எதுவும் போடாத ஊறுகாதான கேட்டாரு? இனிமே எல்லா ஜாடியிலயும் இதையே ஊத்திடலாம்."

எங்க ஊறுகாய ருசி பாத்துச் சொல்றது எப்பவும் நாந்தான். வெரல்ல தொட்டு வாய்கிட்ட கொண்டு போனேன். அதே வாடை.

எங்க வூட்டுக்காரரு வாயில புத்துநோய் வந்து படுத்திருந்தப்ப, பஞ்சுல கிராம்பு எண்ணெய நனச்சு நாந்தான் வைப்பேன். அப்பதான் கொஞ்சம் கண்ண மூடுவாரு. உப்பு, ஒறப்பு எதுவும் நாக்குல படக்கூடாது அவருக்கு. மல்லிகா அப்ப கம்மாபுரத்துல புருஷன் வூட்டுல இருந்தா. அவளுக்கு இந்த வாடை தெரியாது.

வெரலப் பொடவையில தொடச்சிட்டு, "நல்லா இருக்குது"ன்னுட்டேன்.

ஜாடி வாய்க்குத் துணி கட்டிக்கிட்டே அவ சொன்னா, "அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் பாதி ஜாடி காலியாயிருக்கும்."

ஆமாம்னேன்.

நாளைக்குப் புது பீங்கான் ஜாடிங்க வருது. எல்லாத்துலயும் நாந்தான் ஊத்தணும். கையச் சீயக்கா போட்டுக் கழுவிட்டுத்தான் எழுத ஒக்காந்தேன். பேனா புடிச்ச வெரல்ல இன்னும் அந்த வாடை அடிக்குது.