செவலை ஏன் ஆடுகிறது

பிப். 9, ஞாயிறு

காலையில் பனி, எட்டு மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். அத்திபெலே தாண்டி அதே ஏரி. காய்ந்து கிடக்கிறது, ரிமோட் விமானம் விட வசதி.

செவலை சரியில்லை. பிரபு கையால் எறிந்துவிட்ட நிமிடத்திலிருந்து ஆட்டம். இடம், வலம், இடம், வலம், சின்னச் சின்னதாக. திருப்பும்போது இல்லை. நேராகப் போகும்போதுதான். வாலே கிடையாது, வெறும் சிவப்பு ஃபோம் இறக்கை, அதற்கு இவ்வளவு திமிர்.

ஜீவனஹள்ளி சேகர் தன் விமானத்தைப் பின்னாலேயே விட்டு, செவலையில் கட்டியிருந்த என் ரிப்பனை ஒரே பாய்ச்சலில் அறுத்துவிட்டார். எதிராளியின் ரிப்பனை அறுப்பதுதான் விளையாட்டே. "இன்னா ரேவதி, உன் வண்டிக்கு குளிர் ஜுரமா?" எல்லாரும் சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த ஞாயிறு நிஜப் போட்டி. அதற்குள் பார்க்க வேண்டியது:
பாட்டரி பின்னால் நகர்ந்துவிட்டதா
இறக்கை மடல்களை இழுக்கிற கம்பி லூசா
கம்பியை அசைக்கிற சர்வோ மோட்டாரின் பல் தேய்ந்ததா
ப்ரொப்பெல்லர்

பைக்கில் திரும்பி வரும்போது பிரபு: "வண்டிலதான் ஏதோ கோளாறு. உன் கை அசையாத கை." கல்யாணமான புதிதிலிருந்து ஊரெல்லாம் இதே பீற்றல். என் பொண்டாட்டி ஊசி போடுறவ, கை கல்லு மாதிரி நிக்கும். ஊசி போடுவதில்லை, லேபில் ரத்தம் எடுக்கிறேன் என்று எத்தனை தடவை சொல்வது.

துணி ஊறவைக்க மறந்துவிட்டேன்.


பிப். 11, செவ்வாய்

மேகம். தண்ணி லாரி வரவில்லை.

லேபில் நல்ல கூட்டம். ஒரு கன்னடக்கார அம்மா, நரம்பே கிடைக்காத கை. ஒரே குத்தில் எடுத்தேன். "ஸ்வல்பானூ நோவாகலில்ல", கொஞ்சம்கூட வலிக்கவில்லை என்று என் கையைத் தொட்டுவிட்டுப் போனார். அப்பாடா என்றிருந்தது. அந்த அம்மாவுக்காக இல்லை.

ட்யூபில் லேபிள் ஒட்டிவிட்டு கையை மேசைமேல் சும்மா வைத்தேன். கட்டைவிரல் தானாக... பார்க்கவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் செவலையை இரண்டு விரல் நுனியில் தூக்கிப் பார்த்தேன். சமமாக நிற்கிறது, மூக்கு ஒரு நூல் கீழே. அப்படித்தான் இருக்கணும். கம்பி இறுக்கம். சர்வோ புதுசு மாதிரி. ப்ரொப்பெல்லர் மாற்றியாச்சு. எல்லாம் சரியாக இருக்கிறது. சரியாக இருப்பதுதான் பிடிக்கவில்லை.

சேகர் போன் செய்தார். "என் கைல ரிமோட்ட குடு, ஒரு ரவுண்டு உட்டுப் பாக்கறேன். கோளாறு உன்னுதா வண்டியுதான்னு தெரிஞ்சிடும்." விளையாட்டாகத்தான் சொன்னார். வேண்டாம் அண்ணா, நானே பார்த்துக்கறேன் என்று வைத்துவிட்டேன். கொடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. அவர் கையிலும் ஆடினால் வண்டி. ஆடாவிட்டால்?

பிரபு: "ஏன் சாப்பிடல?" பசியில்லை.


பிப். 13, வியாழன்

மதிய ஷிஃப்ட். காலையில் வீட்டில் தனியாக.

ரிமோட் திரையில் ஒரு பக்கம் உண்டு, விரலால் அசைக்கிற ஸ்டிக் எவ்வளவு நகர்கிறது என்று கோடாகக் காட்டும். ஞாயிறிலிருந்து அதை மட்டும் திறக்காமல் மற்றதையெல்லாம் பிரித்து மேய்ந்துகொண்டிருக்கிறேன். இன்று திறந்தேன்.

கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கோடு அசையவில்லை.

வலது கட்டைவிரலை வைத்தேன். அழுத்தவில்லை, சும்மா வைத்தேன். இடம், வலம், இடம், வலம்.

எடுத்தேன். நின்றது. இடது விரலை வைத்தேன். நின்றபடியே நின்றது. திரும்ப வலது. ஆட்டம்.

செவலை மேல் ஒரு குற்றமும் இல்லை. பாவம், என்னவெல்லாம் திட்டினேன்.

அப்பாவுக்கும் வலது கைதான். மடியில் சும்மா வைத்திருக்கும்போது மட்டும். ஏதாவது செய்யப் போனால் நின்றுவிடும், அதனால் ரொம்ப நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் சட்டை பட்டன். அப்புறம் ஸ்பூன். கடைசியில் எங்களோடு இருந்தபோது தினமும் பட்டன் போட்டுவிட்டது நானில்லை, பிரபுதான். "மாமா, கைய தூக்குங்க மாமா. அவ்ளோதான், முடிஞ்சிது."

ஊசி பிடிக்கும்போது இல்லை. அது ஆறுதல் என்று இத்தனை நாள் நினைத்தேன். ஆறுதலே இல்லை, அப்பாவுக்கு வந்த வியாதிக்கு அதுதான் அடையாளம். லேபில் வேலை செய்கிறேன், எனக்குத் தெரியாதா.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

பிரபுவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த முகம் மாறும். இன்னொரு ஆளுக்கும் அவர் பட்டன் போடணுமா?

பால் பாக்கெட் 2, கொத்தமல்லி, டேப்.


பிப். 15, சனி

நல்ல காற்று. காலையில் ஏரிக்குப் போய் வந்தோம்.

ரிமோட்டில் எக்ஸ்போ என்கிற செட்டிங்கைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட ஸ்டிக்கின் நடுப்பகுதி மந்தமாகும். சின்ன அசைவை விமானம் காதிலேயே போட்டுக்கொள்ளாது, பெரிய அசைவுக்குத்தான் திரும்பும். எல்லாரும் முப்பது வைப்பார்கள், நானும் அதுதான். நாற்பது வைத்தேன், ஆட்டம். ஐம்பது, கொஞ்சம். அறுபத்தைந்தில் அடங்கியது.

நேராகப் போனது. அழகாக. அழுகை வந்தது, வெயில் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

பிரபு குதிக்காத குறை. "வெண்ணெய் மாதிரி போகுது ரேவா! என்ன பண்ண?"
"பாட்டரிய முன்னாடி தள்ளினேங்க."
"அவ்ளோதானா? ஒரு வாரமா இதுக்கா மண்டைய ஒடச்சிக்கிட்ட?"

வீட்டில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். கிளாஸுக்கு எக்ஸ்போ கிடையாது.

இப்போது புதுக் கவலை. எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம்: தோற்றவர் கேட்டால் ஜெயித்தவர் ரிமோட்டைத் திறந்து செட்டிங்கைக் காட்டியே ஆகணும். ஒளிவு மறைவு கூடாது என்று ஆரம்பத்தில் நாங்களே பேசிவைத்தது. நான்தான் ரொம்பக் கத்தினேன் அன்றைக்கு. அறுபத்தைந்தைப் பார்த்தால் விமானம் விடுகிற யாருக்கும் சந்தேகம் வரும். பிரபுவுக்குக் கேட்கவே வேண்டாம்.

தோற்றுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். தோற்றுவிடலாம். அதில் என்ன கஷ்டம்.


பிப். 16, ஞாயிறு

ஆறு பேர். காற்று ஒரு பக்கமாக. யாரோ இட்லி கொண்டுவந்திருந்தார்கள், தொடவில்லை.

தோற்கத்தான் போனேன். சத்தியமாக. கடைசியில் நானும் சேகரும் மட்டும் மேலே. விலகிப் போகலாம் என்று திருப்பினால் அவருடைய மஞ்சள் ரிப்பன் நேர் எதிரே வந்து நிற்கிறது. அதற்கப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை. கை தானாகப் போய்விட்டது. நடுங்கவும் இல்லை, வேலை வந்தால்தான் நின்றுவிடுமே. துண்டு துண்டாக மஞ்சள் ரிப்பன் ஏரியில் விழுந்தது.

பிரபு விசில். அந்த ஒரு நிமிடம் சந்தோஷமாகவே இருந்தேன்.

சேகர் வந்தார். "சக்கத்தா அடிச்ச மா. காட்டு, தோத்தவன் கேக்கறேன்."
"அப்புறமா காட்டறேண்ணா."
"அது எப்டி? நீ போட்ட ரூல்ஸு தானே."

திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"அறுபத்தஞ்சா? இன்னாமா இது, தூக்கத்துல வெச்சியா? நடுவுல செத்துப் போயிருக்கும் வண்டி. அறுபத்தஞ்சு வெச்சிக்கினு எவன் ஃபைட்டு உடுவான்?"

அவருக்கு மெதுவாகப் பேச வராது. பிரபு நாலடி தள்ளி உட்கார்ந்து செவலையின் மூக்கில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டுவது நின்றது. தலையைத் தூக்கவில்லை.

"காத்துக்குண்ணா" என்றேன்.
"காத்துக்கா! இன்னா பிரபு, இவ கைக்கு காத்து ஒரு கணக்கா?" சிரித்துக்கொண்டே இட்லிக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன், அவர்மேல் கோபமே இல்லை.

திரும்பும்போது பின்னால் நான், மடியில் செவலை. சந்தாபுரா சிக்னலில் வண்டி நின்றது. பிரபு திரும்பாமலே கேட்டார்.

"எப்பலேர்ந்து?"
"எது?"
"ரேவா."

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன்.

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து" என்றேன்.

அவர் வண்டியை எடுக்கவில்லை. எவனோ "ஹோகப்பா" என்று கத்திவிட்டுத் தாண்டிப் போனான். என் வலது கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒற்றைக் கையால் எப்படி ஓட்டுவது என்று தோன்றியிருக்கும், விட்டுவிட்டு ஓட்டினார்.


பிப். 17, திங்கள்

குளிர். இரண்டு பேருக்கும் லீவு சொல்லியாச்சு. அப்பாவைப் பார்த்த அதே டாக்டரிடம் போகிறோம். முடிவு என்ன வந்தாலும் இன்று தெரிந்துவிடாது, ஒரே நாளில் சொல்ல மாட்டார்கள். எனக்கு எல்லாம் தெரியும், அதுதான் தொல்லை.

எழுந்து வந்தால் பிரபு சோஃபாவில் ரிமோட்டோடு. எக்ஸ்போவைப் பழையபடி முப்பதுக்கு இறக்கிவிட்டார்.

"ஏங்க, திரும்ப ஆடும்ங்க."

"ஆடட்டும். நான் கீழ நின்னு பாக்கறவன். எனக்குத் தெரியணும்ல?"

ஆட்டோ வந்துவிட்டது.