வாசலுக்கு வந்த காபி

செப்டம்பர் 30, திங்கள்

காலைச் சுற்று முடிய இன்றும் தாமதம். வெளிநாட்டிலிருந்து வந்து சாந்தியாகோவில் படிக்கும் மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவிக்கு மழைக்காலம் என்றால் இதுதான் வேலை. வகுப்புக்கு முன்னால் எனக்கென்று ஒதுக்கிய மேட்டுத் தெருவில் ஏறி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, "காய்ச்சல் யாருக்காவது இருக்கா?" என்று கேட்க வேண்டும். டெங்கு பரவுகிறது. காய்ச்சல் என்றால் மருத்துவமனையில் கொசுவலைக்குள் சில நாள் படுத்தே ஆக வேண்டும். வீட்டில் இருக்கிறேன் என்று மன்றாடினாலும் விடமாட்டார்கள்.

கேள்வி ஒரு நொடி. தாமதம் எல்லாம் காபியால். இந்தத் தெருவில் யாரும் வாசலில் நிறுத்தி வைத்துக் காபி தருவதில்லை. உள்ளே வர வேண்டும், ஆடும் நாற்காலியில் உட்கார வேண்டும், ஒரு வம்பு கேட்க வேண்டும், அப்புறம்தான் கோப்பை கைக்கு வரும். மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள்.

ஒடாலிஸ் அக்கா வீட்டில்தான் அதிக நேரம் போகிறது. அவர் கணவர் எலியேசர் நான் படியேறும்போதே உள்ளேயிருந்து கத்துவார். "இருக்கு டாக்டரம்மா, காய்ச்சல் இருக்கு! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இருக்கு!" தினமும் இதே நகைச்சுவை. தினமும் நானும் சிரிக்கிறேன்.

படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன். இதோ, எழுதிவிட்டேன். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 2, புதன்

ஏன் போக வேண்டும்? என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

மருந்தியல் தேர்வில் ஒருமுறை தோற்றாயிற்று. அது மட்டுமில்லை. போன மாதம் தெருக் கிளினிக்கில் ஒரு பெரியவர் கையில் நரம்பு கிடைக்காமல் நான்கு தரம் குத்தினேன். டாக்டர் மிலாதிஸ் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "டெல்சி, இது மனுஷன் கைம்மா. உங்க ஊர் சந்தையில வெட்டுற மீன் இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். இங்கே எல்லோரும் எல்லோரையும் இப்படித்தான் கிண்டல் செய்கிறார்கள், மூன்று வருடத்தில் எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஏனென்றால் என் அம்மா உண்மையிலேயே எங்கள் ஊர் கிங்ஸ்டவுன் சந்தையில் மீன் வெட்டித்தான் எங்களை வளர்த்தாள்.

ஊரிலிருந்து என் சொந்த அக்கா கெர்லின் போனில், "அப்படி என்னடி கஷ்டப்பட்டு அங்கே கிடக்கிற? வந்துடு. கடையில கல்லாவுல உட்காரு" என்கிறாள். இன்னும் மூன்று வருடம் கதவு தட்டுவதா, கல்லாவில் உட்காருவதா?

அக்டோபர் 5, சனி

படிக்க உட்கார்ந்தேன். எழுந்தேன். துணி துவைத்தேன். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, பாதி சோப்போடு துணி வாளியில் கிடக்கிறது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, திறந்து, மூடி, மறுபடி உள்ளே தள்ளினேன். ஹோண்டுராஸ்காரி நோயெமி, என் அறைத்தோழி, "அந்தப் பெட்டிக்குள்ள என்ன, பாம்பா?" என்றாள்.

அக்டோபர் 7, திங்கள்

ஒடாலிஸ் அக்கா வீடு முழுக்க ரோஜா நிறம். வரும் சனிக்கிழமை மகள் லெய்திக்குப் பதினைந்து வயது நிறைகிறது. இந்த ஊரில் கல்யாணத்தைக்கூட ஏனோதானோ என்று முடித்துவிடுவார்கள், பெண்ணின் பதினைந்தை விடமாட்டார்கள். அவள் பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்து நடத்துகிற விழா. பதினான்கு ஜோடிகள் ஆட வேண்டும், நடுவில் மகள் அப்பாவோடு முதல் ஆட்டம் ஆட வேண்டும். எலியேசர் துடைப்பக்கட்டையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் சுற்றிச் சுற்றி ஆடிப் பழகினார். லெய்தி தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, காலை எண்ணாதீங்க, வாய் அசையுறது போட்டோவுல விழும்!"

உள்ளே அறையில் உடை தொங்குகிறது. என்னைக் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

அக்டோபர் 9, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் அவசரமாக இருந்தேன். விமானக் கம்பெனி அலுவலகம் புதன்கிழமைதான் என் மாதிரி வெளிநாட்டு மாணவர்களின் டிக்கெட் தேதியை மாற்றித் தருகிறது. நவம்பர் 12 விமானத்தில் இடம் கேட்கலாம் என்று முடிவு செய்திருந்தேன். ஓடி ஓடிக் கதவு தட்டினேன்.

ஒடாலிஸ் அக்கா படியிலேயே நின்றிருந்தார். கையில் காபி. "எல்லாரும் குதிரை மாதிரி இருக்கோம் கண்ணு. இந்தா, குடிச்சிட்டு ஓடு, உனக்கு நேரமாச்சு." நின்றபடியே குடித்தேன், கோப்பையைக் கொடுத்தேன், ஓடினேன். அட, இன்றைக்கு சீக்கிரம் விட்டார்களே என்று சந்தோஷம் வேறு.

அலுவலக வாசலில் கூட்டம். இங்கே யாரும் வரிசையாக நிற்பதில்லை. "யார் கடைசி?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும், கை தூக்குகிறவரை அடையாளம் வைத்துக்கொண்டு நிழலாகப் பார்த்து உட்கார வேண்டும். கை தூக்கியவர் ஒரு மீசைக்காரர். "சரி, நான் உங்களுக்குப் பின்னால" என்று சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன்.

சும்மா உட்கார்ந்தால்தான் மூளை வேலை செய்கிறது. காபி ஏன் வாசலுக்கு வந்தது? எனக்கு நேரமாச்சு என்று அவருக்கு எப்படித் தெரியும்? எலியேசரின் குரல் ஏன் வரவில்லை? கல்யாணம் ஆன நாளிலிருந்து இருக்கிற காய்ச்சல் இன்று மட்டும் எங்கே போயிற்று?

என்ன மடத்தனம். வழியை அடைத்து நிற்கிற பெண்ணிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

உடனே திரும்பி ஓடலாமா, டிக்கெட்டை மாற்றிவிட்டுப் போகலாமா என்று யோசித்தேன். ஆம், யோசித்தேன். அப்புறம் மீசைக்காரரிடம் "இதோ வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஒடாலிஸ் அக்கா கதவின் இரண்டு பக்கமும் கை வைத்துக்கொண்டார். "டெல்சி, என் ராசாத்தி. சனிக்கிழமை வரைக்கும்தான். அன்னிக்கு ராத்திரியே நானே கூட்டிட்டு வரேன். நீ எதையும் பார்க்கல. போ."

"அக்கா, எத்தனை நாளா?"

"திங்கக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து. நேத்து உன்கிட்ட கத்திச் சமாளிச்சுட்டாரு. சும்மா உடம்பு சூடு."

உள்ளேயிருந்து எலியேசர் குரல் வந்தது, பாதிக் குரல். "விடு ஒடாலிஸ். பொண்ணு படியேறி வந்திருக்கு."

போர்வைக்குள் கிடந்தார். கண்ணை அசைத்தால் வலிக்கிறதாம். ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்கிப் பிடித்துவிட்டு எடுத்தேன். முழங்கைக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள், தூவிவிட்ட மாதிரி. டெங்குவின் அடையாளம். அந்தப் புள்ளிகளை நான் ஒருத்திதான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். லெய்தி அறை வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போய் டாக்டர் மிலாதிஸைக் கூட்டி வந்தேன்.

அவர் பாராட்டவெல்லாம் இல்லை. "காலையில வந்தப்ப ஏன் பார்க்கல?" என்றார். கிளினிக்குக்குக் கொண்டுபோனதும் ஊசியை என் பக்கம் நீட்டினார். "நீ போடு." முதல் தரம் தவறிவிட்டது. எலியேசர் கூரையைப் பார்த்தபடி, "இதுக்கு அந்தக் கொசுவே தேவலை" என்றார். இரண்டாம் தரம் ஏறிவிட்டது. டாக்டர் பாட்டிலை மாட்டினார்.

ஆம்புலன்ஸ் கதவு மூடும்போது லெய்தி என்னிடம் வந்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "நீ உன் ஊருக்குப் போயிடுவ. எனக்குப் பதினஞ்சு ஒரு தடவைதான்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் சொன்னாள்.

டிக்கெட் அலுவலகத்தை மறந்தே போனேன்.

அக்டோபர் 10, வியாழன்

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜன்னல் வழியாகவே பதில் சொன்னார்கள். "யாருக்கும் இல்ல. போ."

ஒரு வீட்டிலும் காபி இல்லை. சுற்று அரைமணியில் முடிந்துவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

எலியேசருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. மருத்துவமனையில் எழுந்து உட்கார்ந்து மாமிசச் சாறு குடித்தாராம். ஒடாலிஸ் அக்கா வழியில் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். "பார்த்தியா? இறங்கிடுச்சு. நாளைக்கு ஆடியிருப்பாரு மனுஷன். என் பொண்ணு வயிற்றெரிச்சலை எதுக்குக் கொட்டிக்கிட்ட?"

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் மோசமான நாள் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒருவேளை புத்தகம் தப்பாக இருந்தால்? ஒருவேளை நான்தான் தப்பா? அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். நோயெமி காதைப் பொத்திக்கொண்டு படிக்கிறாள்.

அக்டோபர் 12, சனி

மதியம் ரோஜா நிறக் கேக்கைக் கையில் ஏந்தி இரண்டு பையன்கள் மேட்டுத் தெருவில் ஏறினார்கள். செய்யச் சொன்னதை நிறுத்த முடியவில்லை போலிருக்கிறது. வெயிலில் மேல்பூச்சு உருகி ஒருவன் முழங்கை வரை வழிந்தது. நான் முனையிலேயே நின்றுவிட்டேன்.

அங்கேதான் டாக்டர் மிலாதிஸ் என்னைப் பிடித்தார். "மருத்துவமனைக்குப் போ. ஒடாலிஸ் தனியா இருக்கா." எலியேசருக்குக் காலையிலிருந்து வயிற்றுவலி, வாந்தி. ஈறில் ரத்தம். ரத்த அழுத்தம் விழுந்து தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

பெஞ்சில் ஒடாலிஸ் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அட்டைத்துண்டால் விசிறிக்கொண்டிருந்தவர், பாதி வீச்சு என் பக்கமும் வருகிற மாதிரி கையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"வீட்டுல இருந்திருந்தா?"

"தெரியல அக்கா."

தெரியும் எனக்கு. அவருக்கும் தெரிந்துவிட்டது. அட்டையை மடியில் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். மருத்துவர் அழக் கூடாது என்பார்கள். நான் இன்னும் மருத்துவர் இல்லையே.

அக்டோபர் 13, ஞாயிறு

அப்படியேதான் இருக்கிறார்.

அக்டோபர் 15, செவ்வாய்

பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்! எட்டிப் பார்த்தேன். கொசுவலைக்குள்ளிருந்து, "டாக்டரம்மா, இப்பதான் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கேன்" என்றார். குரல் பாதிதான். ஆனாலும் அது அவர் குரல்.

அக்டோபர் 16, புதன்

மறுபடி டிக்கெட் அலுவலகம். "யார் கடைசி?" என்று கேட்டேன். திரும்பினால் அதே மீசைக்காரர். அவர் வேலையும் முடியவில்லையாம். "அம்மா தாயே! 'இதோ வந்துடுறேன்'னு சொல்லிட்டு எங்க போய்த் தொலைஞ்ச? எனக்குப் பின்னால ஒரு கறுப்புப் பொண்ணு இருக்கான்னு ஆபீஸ் மூடுற வரைக்கும் சண்டை போட்டேன்!" என்று எல்லோருக்கும் முன்னால் என்னைக் காய்ச்சினார். வெட்கமாகப் போயிற்று. சிரிப்பும் வந்தது.

என் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், "நவம்பர் 12, டிரினிடாட் வழி. இடம் இருக்கு, போடவா?" என்றாள். வாயைத் திறந்தேன். மின்சாரம் போயிற்று. கணினி அணைந்தது. அவள் விசிறியை எடுத்துக்கொண்டு, "இனி அடுத்த புதன்தான்" என்றாள்.

என்ன சொல்லத் திறந்தேன்? வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். போடு என்றா, வேண்டாம் என்றா? எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

எலியேசர் வீடு திரும்பிவிட்டார். கதவைத் திறந்தது லெய்தி. "யாருக்கும் இல்ல." சாத்திவிட்டாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

"யாருக்கும் இல்ல." சாத்தல்.

அக்டோபர் 23, புதன்

டிக்கெட் அலுவலகத்துக்குப் போகவில்லை. மருந்தியல் மறுதேர்வு வெள்ளிக்கிழமை. அதனால்தான் போகவில்லை என்று கெர்லினிடம் சொன்னேன். "சரிடி, அடுத்த வாரம் போ" என்றாள். ம் என்றேன்.

அக்டோபர் 25, வெள்ளி

தேர்வில் வாய்மொழிக் கேள்வியில் தடுமாறினேன், அப்புறம் பிடித்துக்கொண்டேன். தேறிவிட்டேன். யாரிடம் முதலில் சொல்லலாம் என்று நினைத்தபோது மேட்டுத் தெருதான் நினைவுக்கு வந்தது. அங்கே யார் என்னோடு பேசுகிறார்கள்?

நவம்பர் 5, செவ்வாய்

இரண்டு வீடுகள் காபி தர ஆரம்பித்துவிட்டன. மூன்றாவது வீட்டுக்காரர் கரண்ட் இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். லெய்தி மட்டும் அதே இரண்டு வார்த்தை. ஆனால் இன்று சாத்தும்போது சத்தம் வரவில்லை.

நவம்பர் 13, புதன்

நேற்று அந்த விமானம் போயிருக்கும். இன்று காலை சுற்றில் பாதித் தெரு தாண்டியபிறகுதான் அது நினைவுக்கே வந்தது.

ஒடாலிஸ் அக்கா வீட்டுப் படியேறும்போதே உள்ளேயிருந்து முழுக்குரல். "இருக்கு டாக்டரம்மா! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இருக்கு!" லெய்தி கையில் கோப்பையோடு வாசலுக்கு வந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் கோப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இங்க யாரும் வாசல்ல நின்னு குடிக்கிறதில்ல. தெரியாதா உனக்கு?"

உள்ளே போய் உட்கார்ந்தேன். தள்ளிப்போன விழா வரும் சனிக்கிழமை. அப்பா பாதி ஆட்டம்தான் ஆடுவார், பாதியில் உட்கார்ந்துவிடுவார், அதற்குள் போட்டோ எடுத்துவிட வேண்டுமாம். அப்புறம் என்னைப் பார்க்காமல், கோப்பையை நீட்டியபடி கேட்டாள்.

"நீ எப்ப ஊருக்குப் போற?"

"படிப்பு முடிஞ்சதும்."

விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். உள்பக்கம் திரும்பிக் கத்தினாள். "அம்மா! மூணு வருஷமாம்! காபித்தூள் பத்தாது!"